நகரத்து இரவு வானத்தின் வெளிச்சத்தை அளப்பது: முழுமையான வழிகாட்டி

வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கைக்கு வந்த அன்றைக்கே மொட்டைமாடிக்குப் போய்ப் பட்டனை அமுக்கி, வந்த எண்ணைக் குறித்துக்கொள்வதில்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். 17.9 என்று வருகிறது. அடுத்த மாதம் 18.3. இந்த மீட்டரில் எண் கூடினால் இருட்டு கூடுகிறது என்று பொருள். வானம் இருட்டியிருக்கிறதா? முதல் நாள் மெல்லிய மேகம் இருந்ததா, நிலா இருந்ததா, அப்போது மணி எட்டா பதினொன்றா என்பது தெரியாவிட்டால் இதற்குப் பதிலே கிடையாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரியான வானத்தில் திரும்பத் திரும்ப எடுத்த எண்கள் இருந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே. மீட்டர் ஏழாவது படியில்தான் வேலைக்கு வருகிறது.

1. எதை அறியப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொதுவாக இரண்டு கேள்விகள்தான். ஓரிடத்து வானம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்பது ஒன்று. நகர மையத்திலிருந்து வெளியே போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரிரு இடங்களும் பல இரவுகளும் வேண்டும். இரண்டாவதற்குப் பல இடங்கள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே இரவில் முடிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் இடத்தில் அளக்கிறார்கள். எண் மாறினால் அது இடத்தாலா, இரவாலா என்று அவர்களால் பிரிக்க முடிவதில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்கை குவாலிட்டி மீட்டர், சுருக்கமாக எஸ்.க்யூ.எம்., இந்த வேலைக்கென்றே உள்ள சிறிய கருவி. இதில் இரண்டு வகை பரவலாகப் புழங்குகின்றன. லென்ஸ் இல்லாதது அகன்ற வானத்தைப் பார்க்கும்; உச்சியிலிருந்து 42 டிகிரி தள்ளி வரும் ஒளியைக்கூடப் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளும். லென்ஸ் உள்ள 'எல்' வகைக்கு அந்தக் கணக்கு சுமார் 10 டிகிரி. நகரத்துக்குள் அளப்பவர்கள் 'எல்' வகையையே எடுங்கள். சுற்றிலும் கட்டடமும் தெருவிளக்கும் இருக்கும் இடத்தில் அகன்ற வகை அவற்றையும் சேர்த்தே அளந்துவிடும்.

சிவப்பு டார்ச், திசைகாட்டி, இடத்தைத் துல்லியமாகக் காட்டும் போன், நோட்டு, திதி போட்ட காலண்டர், ஒரு பழைய சி.டி. இவை போதும். சி.டி. கடைசிப் படியில் பயன்படும்.

போனில் உள்ள லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) ஆப்களை நம்ப வேண்டாம். நிலவில்லாத இயற்கையான இரவு வானத்தின் ஒளி தரையில் சுமார் 0.001 லக்ஸ்தான், முழு நிலவு கூட 0.1 முதல் 0.3 வரைதான். போனின் சென்சாருக்கு இதெல்லாம் பூஜ்யம்.

கேமராவாலும் அளக்கலாம். அதற்கு ரா கோப்பு (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) கட்டாயம். ஒரே லென்ஸ், ஒரே அபர்ச்சர், ஒரே ஐ.எஸ்.ஓ., ஒரே எக்ஸ்போஷர். ஜேபெக் படத்தில் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துவிடுவதால் அதிலிருந்து அளவு எடுக்க முடியாது.

3. எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

மீட்டர் காட்டுவது ஒரு சதுர ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) வானத்துக்கு இத்தனை மேக்னிட்யூட் (நட்சத்திரங்களின் பிரகாசத்தைச் சொல்லும் அளவு) என்ற அளவு. எண் கூடினால் இருட்டு கூடுகிறது. தொடக்கத்தில் எல்லோரும் இதில்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். செயற்கை ஒளியே இல்லாத வானம் ஏறக்குறைய 22. பெரிய நகரங்களின் நடுவே 17, 18.

1 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் ஒளி 2.5 மடங்கு. 5 என்றால் 100 மடங்கு. 0.1 என்றால் சுமார் 10 சதவீதம். இந்த மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒளியை நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் சூத்திரம் இது: 108000-ஐ, 10-இன் (−0.4 × ரீடிங்) அடுக்கால் பெருக்குங்கள். விடை சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா (ஒளியின் அலகு) என்று வரும். 22-க்கு 0.17 மில்லிகேண்டெலா, 20-க்கு 1.08, 18-க்கு 6.8.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய விளக்குகளால் வானத்தில் 0.5 மில்லிகேண்டெலா கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 இருந்த நகர மையத்தில் ரீடிங் 0.08 மட்டுமே இறங்கும். 20 இருந்த புறநகரில் அதே ஒளி 0.4 இறக்கிவிடும். கூடிய ஒளி ஒன்றுதான். மையத்தில் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாது, விளிம்பில் தெளிவாகக் காட்டும். வளரும் நகரத்தைக் கண்காணிக்க ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால் அது விளிம்பில் இருக்கட்டும்.

4. இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள்

இரவில் இடம் தேடினால் கண்ணை உறுத்தாத இடமாகப் பார்த்து நிற்போம். மேலே மரக்கிளை நீண்டிருப்பது தெரியாது. உச்சிவானம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். 'எல்' வகைக்கு உச்சியைச் சுற்றி 30 டிகிரி வரை எதுவும் குறுக்கே வராவிட்டால் போதும். அகன்ற வகைக்கு 45 டிகிரிக்கு மேல் எழும்பும் கட்டடமோ மரமோ இருக்கக் கூடாது.

விளக்கின் ஒளி மீட்டரின் முகப்பில் நேரடியாக விழக் கூடாது. பகலில் விளக்குக் கம்பங்களை எண்ணி வைத்துவிட்டு, இருட்டியபின் ஒருமுறை வந்து மீட்டரைப் பிடிக்கும் உயரத்தில் உங்கள் கையின் நிழல் எங்காவது விழுகிறதா என்று பாருங்கள். தெளிவான நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள்.

அந்த இடம் ஐந்து ஆண்டுகளுக்கு அங்கேயே இருக்குமா என்றும் யோசியுங்கள். அருகில் காலி மனை இருந்தால் நாளை அங்கே நான்கு மாடி எழும்பும். அதன் பால்கனி விளக்கு ஒன்று போதும், மொத்த வரிசையும் வீணாகும்.

மையத்திலிருந்து விளிம்புவரை அளப்பவர்கள் இடைவெளியைச் சமமாக வைக்க வேண்டாம். நகரின் வானொளி தூரத்தின் 2.5 அடுக்கில் குறைகிறது என்று வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970-களில் காட்டினார். நகருக்கு வெளியே 10 கிலோமீட்டரில் இருப்பது 20 கிலோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைந்துவிடும். ஆகவே வேகமாகக் குறையும் விளிம்பில் 2 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளியும், அதைத் தாண்டியபின் 5 கிலோமீட்டருக்கு ஒன்றும் வையுங்கள்.

5. இரவைத் தேர்ந்தெடுங்கள்

பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நுழைகின்றன.

முதலில் சூரியன். அது அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் அந்தியொளி முழுதாக அடங்கும். பூமத்தியரேகைக்கு அருகே இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வடக்கே தெற்கே போகப் போக நீளும். 48.5 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் கோடையின் நடுவில் அது அடங்குவதே இல்லை. அங்கே கோடை அளவீட்டை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது நிலா. இரவு 10 மணிக்கு அளப்பதானால் தேய்பிறை நவமியிலிருந்து வளர்பிறை திரிதியை வரை உள்ள நாட்கள் உதவும். தேய்பிறையின் அந்த நாட்களில் நிலா நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழும். திரிதியை நிலா அதற்குள் மறைந்திருக்கும். நள்ளிரவுக்கு மேல் அளப்பதானால் தேய்பிறை ஏகாதசியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாளானாலும் நிலா எழும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் காலண்டரில் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்றாவது மேகம். செயற்கை ஒளி இல்லாத இடத்தில் மேகம் வானத்தை இருட்டாக்கும். நகரத்தில் கீழிருந்து போகும் ஒளியைத் திருப்பியனுப்பி வெளிச்சமாக்கும். பெர்லின் நகருக்குள் மேகமூட்டமான இரவு, தெளிவான இரவைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சம் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கனத்த மேகம் எப்படியும் கண்ணில் படும். ஏமாற்றுவது மெல்லிய மேகம். மாலையில் சூரியன் மறையும்போது மேற்கே பஞ்சு இழைபோல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். அளக்கும் முன் உச்சியை நோக்கிப் போனில் நீண்ட எக்ஸ்போஷர் படம் ஒன்று எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத மேகத் திட்டுகளும் அதில் தெரிந்துவிடும்.

நான்காவது காற்றின் தூசி. புகையும் ஈரப்பதமும் கூடினால் நகரத்து ஒளி அதிகமாகச் சிதறும். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று கழுவி விட்டதுபோல் இருக்கும், ரீடிங்கும் அழகாக வரும். அந்த ஓர் எண்ணை வைத்து விளக்குகள் குறைந்துவிட்டன என்று எழுதிவிடாதீர்கள். அருகிலுள்ள காற்றுத்தர நிலையத்தின் பி.எம். 2.5 (நுண்தூசி) அளவையும் அன்றைய பதிவில் சேர்த்துக்கொண்டால் பின்னால் பிரித்துப் பார்க்க முடியும்.

கடைசியாகக் கடிகாரம். மாலையில் கடை விளக்கும் விளம்பரப் பலகையும் வாகனங்களும் சேர்ந்திருக்கும். நள்ளிரவுக்குப் பின் அவை ஓயும். 9 மணி எண்ணையும் 1 மணி எண்ணையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. ஒரு நேரத்தை முடிவு செய்து, அதற்கு முன்னும் பின்னும் 15 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பண்டிகை நாட்களைத் தனியாகக் குறியுங்கள்.

6. மீட்டரைத் தொடும் முன் கண்ணால் பாருங்கள்

மீட்டர் தவறினால் கண் காட்டிக்கொடுக்கும். 'குளோப் அட் நைட்' என்ற பொதுமக்கள் பதிவுத் திட்டம் 2006 முதல் முதன்மையாகக் கண்ணை நம்பியே நடக்கிறது. ஆகவே மீட்டர் இல்லாதவர்கள் இந்தப் படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலும் பயனுண்டு.

நேரடி வெளிச்சம் படாத இடத்தில் 20 நிமிடம் நில்லுங்கள். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் அந்த 20 நிமிடத்தை மறுபடி தொடங்க வேண்டும். பிறகு, உயரத்தில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவானத்தருகே காற்றின் தடிமன் நட்சத்திரங்களை மங்கலாக்கிவிடும். 45 டிகிரிக்கு மேலே இருப்பவையே உதவும். ஆண்டின் முதல் மாதங்களில் மாலை வானில் மிருகசீரிடம் நல்ல அளவுகோல். திருவாதிரைக்கு அருகே, ஓரியன் என்ற வேட்டைக்காரனின் தலையாக நிற்கும் மூன்று சிறு நட்சத்திரங்களில் பிரகாசமானதன் மேக்னிட்யூட் 3.4, மற்ற இரண்டும் 4.1, 4.4 (எண் கூடினால் நட்சத்திரம் மங்கல்). மூன்றும் முக்கோணமாகத் தனித்தனியாகத் தெரிந்தால் உங்கள் வானம் 4.4 வரை காட்டுகிறது. ஒன்று மட்டும் தெரிந்தால் 3.4-க்கும் 4.1-க்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

அது மறைந்த பின் வரும் மாதங்களில், வடவானம் தெரியும் இடங்களில் சப்தரிஷி மண்டலத்துக்குப் போங்கள். வசிஷ்டர் 2.2, பக்கத்தில் அருந்ததி 4.0. நேராக உற்றுப் பார்த்தால் மங்கலானது மறைந்துவிடும். சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் தெரியும். இந்தப் பழக்கம் கைவர இரண்டு மூன்று இரவுகள் ஆகும். ஒவ்வொருவர் கண்ணும் வேறு என்பதால், பதிவில் பார்த்தவர் யார் என்பதும் இருக்க வேண்டும்.

7. ரீடிங் எடுங்கள்

மீட்டரைக் கால் மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்தோ ஏ.சி. காரிலிருந்தோ நேராக ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் முகப்பில் நீர் படியும், எண் தவறும். முகப்பில் படிந்த கைரேகையும் இதே வேலையைச் செய்யும்.

தலைக்கு மேலே தூக்கி, உச்சியை நோக்கி நேராகப் பிடியுங்கள். உங்கள் தலையோ தொப்பியோ குறுக்கே வரக் கூடாது. முதல் ரீடிங் பெரும்பாலும் மற்றவற்றோடு ஒட்டாது. எழுதிக்கொண்டு கணக்கில் விட்டுவிடுங்கள். அதன்பின் நான்கு ரீடிங். ஒவ்வொன்றுக்கும் உடம்பை 90 டிகிரி திருப்புங்கள். பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் ஏதோ ஒரு திசையில் எண் தனித்து நிற்கும்.

நல்ல தொகுதி இப்படி இருக்கும்: 18.09 (விட்டது), 18.21, 18.19, 18.22, 18.20. வித்தியாசம் 0.05-க்குள். இடைநிலை மதிப்பு 18.2 என்று எழுதலாம்.

கெட்ட தொகுதி: 18.2, 18.1, 17.8, 17.6. ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போகிறது என்றால் மேகம் நகர்ந்து வருகிறது. 18.2, 17.7, 18.2, 18.2 என்றால் இரண்டாவது திசையில் ஏதோ விளக்கு மீட்டரைப் பார்க்கிறது. இரண்டு தொகுதியையும் சராசரி எடுத்து ஒப்பேற்றிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். முதலாவதில் அன்றைய வேலை முடிந்தது. இரண்டாவதில் பத்து அடி தள்ளி நின்று முதலிலிருந்து எடுங்கள், இடம் மாறியதையும் எழுதுங்கள்.

மீட்டரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்துபவர்கள், கண்ணாடி விழுங்கும் ஒளிக்காகச் சுமார் 0.1 கழிக்க வேண்டும். கண்ணாடியோடும் இல்லாமலும் ஒரே இரவில் அளந்து அந்த எண்ணை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வது உத்தமம்.

8. நான்கு திசையிலும் பாருங்கள்

'எல்' வகை மீட்டரை 45 டிகிரி சாய்த்துக் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒவ்வொரு திசையிலும் மூன்று ரீடிங். புதிதாக எழும்பும் குடியிருப்போ சுற்றுச்சாலையோ உச்சிவானத்தைத் தொடும் முன்பே அந்தத் திசையின் அடிவானத்தை வெளுக்க வைக்கும். இரண்டு ஆண்டுகளில் உச்சி அசையாமல் கிழக்கு மட்டும் 0.3 இறங்கியிருந்தால், தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

9. அங்கேயே எழுதுங்கள்

தேதி, நேரம், இடத்தின் அட்ச தீர்க்க ரேகை (தசமத்துக்குப் பின் 4 இலக்கம் போதும், அது சுமார் 11 மீட்டர்), மீட்டரின் வகையும் வரிசை எண்ணும், எல்லா ரீடிங்கும், வெப்பநிலை, மேகம், கண்ணால் பார்த்த கடைசி நட்சத்திரம், அளந்தவர் பெயர். சராசரியை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிட்டால் பின்னால் பிழையைத் தேட வழியில்லை.

அக்கம்பக்கத்தில் மஞ்சள் நிற சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள் என்றால் அந்தத் தேதியும் நோட்டில் ஏற வேண்டும். எஸ்.க்யூ.எம். நீல ஒளியைப் பகல்நேரக் கண்ணைவிட அதிகம் வாங்கும். விளக்கின் நிறம் மாறினாலே, மொத்த வெளிச்சம் மாறாவிட்டாலும், ரீடிங் நகரும்.

10. கணக்கு

மேக்னிட்யூட்களை நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. 18-க்கும் 20-க்கும் சராசரி 19 என்று தோன்றும். ஒளியாக மாற்றி (6.8, 1.08) சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் 18.6 வரும். ஒரே இரவின் நெருக்கமான ரீடிங்குகளில் இது பெரிதில்லை. வெவ்வேறு இரவுகளைச் சேர்க்கும்போது நிறையவே தவறும்.

மீட்டரின் துல்லியம் 0.1, அதாவது 10 சதவீதம். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் கண்ணால் பதிந்தவற்றிலிருந்து வானொளி ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடியதாகக் கணித்தது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகிவிடும். ஆனாலும் ஓர் ஆண்டின் மாற்றமும் மீட்டரின் பிழையும் ஒரே அளவு. ஆகவே சென்ற ஆண்டு ஓர் இரவு, இந்த ஆண்டு ஓர் இரவு என்று இரண்டை வைத்துக்கொண்டு எதையும் அறிவிக்க முடியாது. ஆண்டுக்கு 10, 12 நல்ல இரவுகள், குறைந்தது மூன்று ஆண்டுகள், எல்லாம் ஒரே மீட்டரில். பொறுமை வேண்டிய வேலைதான். வேறு குறுக்கு வழி கிடையாது.

11. சேட்டிலைட் வரைபடத்தோடு ஒப்பிடும்போது

இணையத்தில் கிடைக்கும் ஒளி வரைபடங்கள் பலவற்றுக்கு மூலம் சேட்டிலைட்டில் உள்ள விஐஐஆர்எஸ் என்ற கேமராக் கருவி. அது நள்ளிரவு தாண்டி 1.30 வாக்கில் கடக்கிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி சுமார் 750 மீட்டர். 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளியை அது பார்ப்பதே இல்லை. சோடியத்திலிருந்து வெள்ளை எல்.இ.டி.க்கு மாறிய ஊர் அந்தப் படத்தில் மங்கிவிட்டதுபோல் தெரியலாம். கீழே நிற்பவருக்கு வானம் வெளுத்திருக்கும். நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறுகிறது: காற்றின் மூலக்கூறுகள் 450 நானோமீட்டர் ஒளியை 600-ஐவிட மூன்று மடங்கு சிதறடிக்கும். வரைபடத்தில் ஒளி குறைகிறது, ஆனால் உங்கள் எண் இறங்குகிறது (வானம் வெளுக்கிறது) என்றால் அவசரப்பட்டு மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

12. விளக்கைத் தேடுங்கள்

திசை தெரிந்தபின் இரவில் அந்தப் பக்கம் நடந்து போங்கள். ஒவ்வொரு விளக்கையும் 50 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். ஒளிரும் சில்லோ பல்போ நேரடியாகக் கண்ணில் பட்டால் அந்த விளக்கு பக்கவாட்டில் ஒளியைக் கொட்டுகிறது. கிடைமட்டத்துக்குச் சற்று மேலே போகும் ஒளி காற்றில் வெகுதூரம் பயணித்துச் சிதறுவதால், தொலைவில் உள்ள வானத்தைக் கெடுப்பதில் அதற்கே முதலிடம். நன்றாக மூடிய விளக்கில் தரை தெரியும், பல்பு தெரியாது.

சி.டி.யை இப்போது எடுங்கள். அதன் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிம்பம் நிறங்களாக விரியும்படி சாயுங்கள். தனித்தனி வண்ணப் பட்டைகளாகப் பிரிந்தால் சோடியம் போன்ற பழைய வகை விளக்கு. இடையறாத வானவில்லாக வந்து, நீலத்தில் ஒரு தடித்த பட்டை நின்றால் வெள்ளை எல்.இ.டி. நீலப் பட்டை தடிமனாக இருக்க இருக்க, விளக்கின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணும் கூடுதல். 3000 கெல்வினுக்குக் கீழே கேட்பதே நியாயம்.

சம்பந்தப்பட்டவர்களிடம் போகும்போது வானத்தின் எண்ணை மட்டும் கொண்டு போகாதீர்கள். கம்ப எண், எந்தத் திசையில் ஒளி கொட்டுகிறது, எத்தனை மணிவரை எரிகிறது, என்ன செய்தால் சரியாகும் (சாய்வை இறக்குவது, மூடி போடுவது, 11 மணிக்கு மேல் பாதியாக்குவது) என்று விளக்கு விளக்காகப் பட்டியல் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

ஒரு விளக்கைத் திருத்தினால் உச்சிவான ரீடிங் அசையாது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அந்த விளக்குக்கான சான்றாக, திருத்தும் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் முக்காலி வைத்து, ஐ.எஸ்.ஓ., அபர்ச்சர், எக்ஸ்போஷர் எதையும் மாற்றாமல் இரண்டு படம் எடுத்து வையுங்கள். ஒரு பகுதி முழுக்க விளக்கு மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்தால், வேலை தொடங்கும் முன்பே குறைந்தது மூன்று அமாவாசைகளின் அளவீட்டை முடித்துவிடுங்கள். மாற்றிய பிறகு பழைய வானத்தை அளக்க வழியில்லை.